அலாரம் எண்ணை எப்படிப் படிப்பது? கடலூர், சிதம்பரம் பக்கத்து சி.என்.சி. பட்டறைகளை வைத்து ஒரு குறிப்பு

"சார், மெஷின்ல 1010 அலாரம் வருது. என்ன பண்றது?"

சி.என்.சி. லேத்தோ மில்லிங் மெஷினோ வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இணையத்தில் தேடினால் பத்து பதில் கிடைக்கும். ஒருத்தர் லூப்ரிகேஷன் ஆயில் குறைவு என்பார். இன்னொருத்தர் ஹைட்ராலிக் பிரஷர் என்பார். மூன்றாமவர் கதவு சுவிட்ச் என்பார். மூன்று பேரும் அவரவர் மெஷினைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் மெஷினுக்கு மூன்றுமே பொருந்தாமல் போகலாம்.

ஏன் இப்படி? அலாரம் எண் என்பது நோயின் பெயர் இல்லை. மெஷினுக்குள் யார், எந்த இடத்தில் நின்று புகார் சொல்கிறார்கள் என்பதைக் காட்டும் முகவரி அது. முகவரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் நல்ல டிரைவைக் கழற்றிப்போட்டு, லட்சக்கணக்கில் செலவு செய்து வேறொன்று மாட்டி, அப்புறமும் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கடலூர், நெய்வேலி, வடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கோயம்புத்தூர் மாதிரி தெருவுக்கு ஒரு சர்வீஸ் ஆள் இங்கே கிடையாது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரவேண்டும். அவர் வந்துசேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். ஒரே ஒரு மெஷினை வங்கிக் கடனில் வாங்கி ஜாப் ஒர்க் செய்பவருக்கு அந்த இரண்டு நாளும் நஷ்டம்தான். மாதத் தவணை மட்டும் நிற்காது. ஆள் வருவதற்கு முன் நாமே எவ்வளவு தூரம் போகலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஃபானுக் கன்ட்ரோல் அதிகம் என்பதால் அதன் எண்களை வைத்தே விளக்குகிறேன். ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குள் 1956-ல் எண்வழிக் கட்டுப்பாட்டு வேலையாகத் தொடங்கி, 1972-ல் தனி நிறுவனமானது ஃபானுக். சீமென்ஸ், மிட்சுபிஷி கன்ட்ரோல்களில் எண்கள் வேறு. யோசிக்கும் முறை ஒன்றுதான்.

முதலில், பேசுவது யார்?

ஒரு சி.என்.சி. மெஷினில் மூன்று பேர் அலாரம் சொல்வார்கள்.

முதல் ஆள், புரோகிராமைப் படிக்கும் பகுதி. 10 என்றால் அந்த ஜி-கோடு இந்த மெஷினில் இல்லை அல்லது தப்பாக எழுதியிருக்கிறது. 11 என்றால் ஃபீடு கொடுக்கவில்லை. 41 என்றால் கட்டர் ஆரத் திருத்தம் போடும்போது டூல் பொருளை அதிகமாக வெட்டிவிடும் நிலை. இவை வந்தால் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். மெஷின் நன்றாக இருக்கிறது. எழுதியவர் இன்னொரு முறை படித்துப் பார்க்கணும்.

இரண்டாவது ஆள், கன்ட்ரோலும் டிரைவும். 300-லிருந்து 400 சொச்சம் வரை பெரும்பாலும் சர்வோவும் என்கோடரும். 500-ல் தொடங்குபவை ஓவர் டிராவல், அதாவது ஸ்லைடு எல்லையைத் தாண்டிவிட்டது. அதிலும் 500, 501 மென்பொருளில் வைத்த எல்லை. 506, 507 நிஜமான லிமிட் சுவிட்ச். 700 கன்ட்ரோல் யூனிட் சூடு, 701 அதன் ஃபேன். 9000-ல் தொடங்குபவை ஸ்பிண்டில். இவை எல்லாம் ஃபானுக்காரர் எழுதியவை. அதே வகைக் கன்ட்ரோல் எந்த மெஷினில் இருந்தாலும் பொருள் மாறாது. அதனால் இவற்றுக்கு ஃபானுக் மெயின்டனன்ஸ் கையேடும் இணையத் தேடலும் உதவும்.

மூன்றாவது ஆள், மெஷினைக் கட்டிய கம்பெனி. 1000-ல் தொடங்கும் அலாரங்களும், 2000-ல் தொடங்கும் ஆபரேட்டர் செய்திகளும் இவர் எழுதியவை. சக் பிடிக்கவில்லை, காற்று அழுத்தம் இல்லை, ஆயில் குறைந்துவிட்டது, கதவு திறந்திருக்கிறது போன்றவை. கோவையில் கட்டிய மெஷினில் 1010 ஒன்றைச் சொல்லும், பெங்களூரில் கட்டிய மெஷினில் அதே 1010 வேறொன்றைச் சொல்லும். ஆரம்பத்தில் பார்த்த கேள்விக்கு இணையத்தில் பதில் இல்லாமல் போனதன் ரகசியம் இவ்வளவுதான். இதற்கு மெஷின் கட்டியவர் கொடுத்த கையேட்டையும் மின்சார வரைபடத்தையும்தான் எடுக்கணும். சீமென்ஸிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே 700000-லிருந்து தொடங்கும் எண்கள் மெஷின் கட்டியவருக்கு ஒதுக்கியவை.

புதிய ஃபானுக் கன்ட்ரோல்களில் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து போட்டு இதை இன்னும் எளிதாக்கிவிட்டார்கள். பிஎஸ் என்றால் புரோகிராம். எஸ்வி என்றால் சர்வோ. எஸ்பி என்றால் ஸ்பிண்டில். ஓடி என்றால் ஓவர் டிராவல். ஓஎச் என்றால் சூடு. இஎக்ஸ் என்றால் மெஷின் கட்டியவருடையது. போனில் சர்வீஸ் ஆளிடம் பேசும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் ஐந்து நிமிடம் மிச்சம்.

ரீசெட் அமுக்குவதற்கு முன் ஐந்து நிமிடம்

அலாரம் வந்ததும் கை தானாக ரீசெட் பட்டனுக்குப் போகும். போகக்கூடாது. முதலில் ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுங்கள். எந்த ஆக்சிஸ், புரோகிராமில் எந்த வரி, ஸ்லைடு எங்கே நின்றது, ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருந்ததா, கூலன்ட் ஓடியதா என்று எழுதுங்கள். மெசேஜ் பட்டனை அமுக்கி அலாரம் ஹிஸ்டரி பக்கத்தையும் பாருங்கள். அதில் முன்பு வந்தவை வரிசையாக நேரத்தோடு இருக்கும்.

ஒன்றுக்கு மேல் அலாரம் இருந்தால் ஒரு விதி. ஒன்று விழுந்தால் அதோடு சேர்ந்து நாலு விழும். சர்வோ ஒன்றில் பெரிய கோளாறு வந்தால் பாதுகாப்புக்காக மற்ற ஆக்சிஸ்களுக்கும் மின்சாரம் போய்விடும்; அவையும் தங்கள் பங்குக்கு அலாரம் போடும். எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டு ஓடக்கூடாது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்கணும். இதற்கு மிக நல்ல உதாரணம் 401.

401: பாவம், டிரைவ் மேல் விழும் பழி

401-ன் பொருள், சர்வோ ஆம்ப்ளிஃபயரிலிருந்து "நான் தயார்" என்ற சிக்னல் வரவில்லை. இதைப் படித்ததும் ஆம்ப்ளிஃபயர் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அந்தச் சிக்னல் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

மெஷினை ஆன் செய்து எமர்ஜென்சி பட்டனை விடுவித்ததும், கன்ட்ரோல் ஆம்ப்ளிஃபயரிடம் "பவர் ஏற்றிக்கொள்" என்கிறது. எமர்ஜென்சி வரிசையில் எல்லாத் தொடர்பும் சரியாக இருந்தால் கேபினட்டுக்குள் இருக்கும் பெரிய கான்டாக்டர் இழுக்கும். அதன் வழியாக மூன்று ஃபேஸ் மின்சாரம் பவர் சப்ளைக்குப் போகும். அது நேர்மின்சாரமாக மாறிக் கபாசிட்டர்களில் ஏறும். 200 வோல்ட் வகை டிரைவில் அது ஏறக்குறைய 300 வோல்ட். அது ஏறி முடிந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயர் "தயார்" என்று பதில் சொல்லும்.

இந்தச் சங்கிலியில் எந்த வளையம் அறுந்தாலும் கடைசியில் தெரிவது 401. எமர்ஜென்சி பட்டனின் பின்னால் கழன்ற ஒயர், கதவு ரிலே, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் ஃபியூஸ், கருகிப்போன கான்டாக்ட் முனை, கடைசியாக ஆம்ப்ளிஃபயர். விலையிலும் இதே வரிசைதான். முதல் நாலும் மலிவு, கடைசி ஒன்று மட்டும் கழுத்தை நெரிக்கும் விலை. அதனால் மலிவான பக்கத்திலிருந்துதான் தேடலைத் தொடங்கணும்.

எளிய சோதனை ஒன்று. எமர்ஜென்சி பட்டனை விடுவித்து ரீசெட் போடும்போது கேபினட்டுக்குள் கான்டாக்டர் "டக்" என்று இழுக்கிறதா என்று காதைக் கொடுங்கள். சத்தமே இல்லை என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் மின்சாரமே போகவில்லை. எமர்ஜென்சி வரிசையைப் பாருங்கள். இழுத்து உடனே விட்டுவிட்டால் உள்ளே ஏதோ ஒன்று கோபித்துக்கொண்டது. டிரைவின் முகப்பில் இருக்கும் சின்ன எண் விளக்கில் என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதுங்கள். 401-உடன் வேறு சர்வோ அலாரமும் சேர்ந்து வந்திருந்தால், அந்த மற்றதுதான் ஆசாமி. 401 வெறும் எதிரொலி.

410-ம் 411-ம்: கொஞ்சம் கணக்கு

இந்த இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. கன்ட்ரோல் சொன்ன இடத்துக்கும் ஸ்லைடு நிஜமாக இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவு மீறிவிட்டது. நின்றிருக்கும்போது மீறினால் 410. ஓடும்போது மீறினால் 411.

வித்தியாசமே இருக்கக்கூடாதே என்று தோன்றும். இருந்துதான் ஆகணும். முதலாளி நடக்க நடக்கப் பின்னால் ஓடும் பையன் மாதிரி, சர்வோ எப்போதும் கட்டளைக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். எவ்வளவு பின்னால் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வேகத்தைப் பொசிஷன் கெயினால் வகுத்தால் பின்தங்கும் தூரம். ஃபீடு நிமிடத்துக்கு 6000 மில்லிமீட்டர் என்றால் வினாடிக்கு 100 மில்லிமீட்டர். கெயின் 30 என்று வைத்தால் 100-ஐ 30-ஆல் வகுக்க, 3.3 மில்லிமீட்டர். ஆமாம், அவ்வளவு பின்தங்கித்தான் ஓடுகிறது, அதுவும் ஆரோக்கியமான மெஷினில். இந்த எண்ணை டயக்னாசிஸ் பக்கத்தில் 300-வது வரியில் நீங்களே பார்க்கலாம். ஒரு மைக்ரான் கணக்கில் 3333-ஐ ஒட்டிக் காட்டும். முன்கூட்டியே கட்டளையை ஏற்றும் வசதி போட்டிருந்தால் மட்டும் எண் குறையும்.

ரேப்பிட் வேகம் நிமிடத்துக்கு 24 மீட்டர் என்றால் பின்தங்கல் 13.3 மில்லிமீட்டர். அதை ஒன்றரையால் பெருக்கி, 20 மில்லிமீட்டரை எல்லையாக 1828-வது பாராமீட்டரில் வைப்பார்கள். அதைத் தாண்டினால் 411.

இந்தக் கணக்கு எதற்கு? இதுதான் நோயைப் பிரித்துக் காட்டும். ஒரே வேகத்தில் ஸ்லைடை ஓட்டிப் பாருங்கள். 300-வது வரி கணக்குப்படியே நின்றால் சர்வோ சொன்னபடி கேட்கிறது. கணக்கைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மோட்டாரால் இழுக்க முடியவில்லை. உடனே லோடு மீட்டரைப் பாருங்கள். லோடும் ஏறினால் மெக்கானிக்கல் பக்கம் போங்கள்: லூப்ரிகேஷன் வராமல் காய்ந்த கைடு, போன பால் ஸ்க்ரூ பேரிங், கவருக்குள் அடைத்த சிப்ஸ். செங்குத்து ஆக்சிஸ் என்றால் முதல் சந்தேகம் பிரேக். சர்வோ ஆன் ஆகும்போது பிரேக் விடணும். அதற்கான ரிலேயோ 24 வோல்ட்டோ போனால் மோட்டார் பிரேக்கைப் பிடித்த வண்டியை இழுக்கிற மாதிரி இழுத்து அலாரம் போடும். லோடு ஏறாமலே பின்தங்கல் ஏறினால் மின்சாரப் பக்கம்: மோட்டாருக்குப் போகும் ஒரு ஃபேஸ் அறுந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம்.

இங்கே ஒரு குறுக்கு வழி பட்டறைகளில் உலவுகிறது. 1828-ல் பெரிய எண்ணைப் போட்டுவிட்டால் அலாரம் வராது! உண்மைதான், வராது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைத்த கதை அது. பேரிங் தேய்ந்துகொண்டே போகும், ஜாப் அளவு மாறிக்கொண்டே போகும். ஒருநாள் ஸ்லைடு நிஜமாகவே சிக்கும்போது நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

நம்ம ஊர் பருவமும் அலாரமும்

கையேடு ஜப்பானில் எழுதியது. மெஷின் நிற்பது வங்கக் கடலுக்கு ஐந்து, பத்து கிலோமீட்டரில். இதை மனதில் வைத்துத்தான் படிக்கணும்.

அக்னி நட்சத்திரத்தில் 700, 701. 701 என்றால் ஃபேன் நின்றுவிட்டது என்று பொருள். ஃபேன் மலிவு, அதை அலட்சியப்படுத்தினால் அடுத்து வரும் 700 மலிவு இல்லை. வெயில் தாங்காமல் கேபினட் கதவைத் திறந்து வைத்து முன்னால் டேபிள் ஃபேன் போடுவது பல இடங்களில் வழக்கம். அன்றைக்குச் சூடு குறையும். ஆனால் எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூளும் கடற்காற்றின் ஈரமும் நேராகப் போர்டு மேல் போய் உட்காரும். கேபினட்டின் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் ஃபில்டரையும் சித்திரை பிறப்பதற்குள் சுத்தம் செய்வதுதான் சரியான வைத்தியம்.

ஐப்பசி, கார்த்திகையில் 432 முதல் 435 வரை. இவை எல்லாம் மின்னழுத்தக் குறைவைச் சொல்பவை. 433, 435 முக்கிய மின்சாரத்தில் இறக்கம். 432, 434 கட்டுப்பாட்டு மின்சாரத்தில் இறக்கம். மழையும் காற்றுமாக இருக்கும் நாளில், விளக்கு ஒரு கணம் மங்கித் திரும்பும் அதே நேரத்தில் இவை வந்தால் டிரைவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வரும் 415 வோல்ட்டை மூன்று ஃபேஸுக்கும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஸ்டெபிலைசர், டிரான்ஸ்ஃபார்மர், கான்டாக்டர் என்று ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் அளந்தால் எங்கே தொலைகிறது என்று தெரிந்துவிடும். வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஸ்பிண்டில் வேகமெடுக்கும் கணத்தில் மட்டும் வந்தால் கதை வேறு: ஏதோ ஒரு இணைப்பு தளர்வு, அல்லது ஒரு ஃபேஸ் பலவீனம்.

வருஷம் முழுக்க, ஈரமும் கூலன்ட்டும். 368 என்றால் மோட்டாரின் பின்னால் இருக்கும் என்கோடரிலிருந்து தகவல் ஒழுங்காக வரவில்லை. 438 என்றால் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் தாறுமாறு. இரண்டுக்கும் நம் பக்கத்தில் முதல் சந்தேகம் கனெக்டருக்குள் இறங்கிய கூலன்ட்தான். கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். கடற்கரைக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

438-க்கு மோட்டாரின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் பார்க்கலாம். மோட்டார் ஒயரை டிரைவிலிருந்து கழற்றிய பிறகே மெக்கர் போடணும். கழற்றாமல் போட்டால் நல்ல டிரைவும் அந்த நிமிடமே போய்விடும். 100 மெகாஓம் அல்லது அதற்கு மேல் என்றால் நல்லது. 10-க்கும் 100-க்கும் நடுவில் என்றால் கெட ஆரம்பித்துவிட்டது. 1-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் ரொம்பக் கெட்டுவிட்டது, அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கணும். 1-க்குக் கீழே என்றால் மாற்றித்தான் ஆகணும்.

கேபினட்டில் கை வைப்பதற்கு முன் ஒன்று. மெயினை அணைத்த பிறகும் அந்த 300 வோல்ட் கபாசிட்டர்களில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். டிரைவில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு அணையும்வரை தொடாதீர்கள். செங்குத்து ஆக்சிஸ் மோட்டாரைக் கழற்றும் முன் அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். டிரைவைத் திறப்பது, போர்டில் கை வைப்பது நம் எல்லைக்கு வெளியே. அங்கே ஆள் வரட்டும்.

பேட்டரி: ஐநூறு ரூபாய் விஷயம், ஐந்து நாள் வேலை

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுத்த வருஷம், 2012-ல், சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு. சி.என்.சி. மெஷினைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன?

இப்போதைய மெஷின்கள் பெரும்பாலானவற்றில் ஸ்லைடு எங்கே இருக்கிறது என்பதை என்கோடர் மறக்காமல் வைத்திருக்கும். மெஷின் ஆனில் இருக்கும்போது அதற்கு மின்சாரம் கிடைக்கும். ஆஃபில் இருக்கும்போது பேட்டரி மட்டும்தான். மின்சாரம் அதிகம் போகும் ஊரில் பேட்டரி சீக்கிரம் தீரும். முதலில் 307 அல்லது 308 வரும்: பேட்டரி குறைகிறது, மாற்று. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்து 306: பேட்டரி தீர்ந்தது. அப்புறம் 300: ஜீரோ எங்கே என்று எனக்குத் தெரியாது, மறுபடி வைத்துக் கொடு.

பேட்டரி மாற்றும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. என்கோடர் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது, எமர்ஜென்சி பட்டனை அமுக்கி வைத்துக்கொண்டு மாற்றணும். பாதுகாப்பு என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டு மாற்றினால் ஜீரோ போய்விடும்! கன்ட்ரோலின் மெமரி பேட்டரி வேறு. அதற்கு மெஷினைச் சற்று நேரம் ஆனில் வைத்து, அணைத்து, அரை மணி நேரத்துக்குள் புதியதைப் போடணும். தாண்டினால் பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம் எல்லாம் அழிய வாய்ப்புண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். என்கோடர் பேட்டரியை அலாரத்துக்குக் காத்திராமல் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கும் நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாம். தேதி மறக்காது, அடுத்தது மழைக்காலம் வேறு.

ஜீரோ போய்விட்டால்? 1815-வது பாராமீட்டரில் ஒரு பிட்டை மாற்றி மறுபடி வைக்கலாம். செய்முறை சுலபம். ஆனால் எந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து. மில்லிங் மெஷினில் டூல் மாற்றும் இடம் இந்த ஜீரோவிலிருந்து கணக்கிடுவது. சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் டூல் மாற்றும் கை ஸ்பிண்டிலில் போய் மோதும். அதனால் மெஷின் நன்றாக இருக்கும் இன்றைக்கே ஒவ்வொரு ஆக்சிஸையும் ஜீரோவில் நிறுத்தி, ஸ்லைடிலும் பெட்டிலும் மெல்லிய கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாராமீட்டர் அனைத்தையும் மெமரி கார்டில் பிரதி எடுத்து, கார்டைக் கேபினட்டுக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1000 அலாரத்தைத் துரத்துவது

மெஷின் கட்டியவர் எழுதிய அலாரத்துக்கு வருவோம். இதில் ஒரு நல்ல விஷயம், பதில் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. லேடர் என்ற ஏணி வரைபடத்தில் அந்த அலாரத்துக்கு ஒரு "ஏ" முகவரி இருக்கும். அதை எது தூண்டுகிறது என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரு "எக்ஸ்" முகவரியில் முடியும். எக்ஸ் என்றால் மெஷினிலிருந்து உள்ளே வரும் சிக்னல்: சுவிட்ச், சென்சார். ஒய் என்றால் வெளியே போவது: ரிலே, சோலினாய்டு. எஃப், ஜி இரண்டும் கன்ட்ரோலும் லேடரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது.

உதாரணத்துக்கு, சக் பிடிக்கவில்லை என்று அலாரம். வரைபடத்தில் அதன் எக்ஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ஸ்கிரீனில் அந்த பிட்டைப் பார்த்துக்கொண்டே சக்கைப் பிடித்து விடுங்கள். பிட் 0-விலிருந்து 1-க்கு மாறுகிறதா? மாறாவிட்டால் சென்சார் தலையைத் துடைத்து, அதன் முன்னால் ஒரு இரும்புத் துண்டைக் காட்டுங்கள். சென்சார் விளக்கு எரிந்து, பிட் மாறவில்லை என்றால் ஒயர். விளக்கே எரியவில்லை என்றால் சென்சார் அல்லது அதற்கு வரும் 24 வோல்ட். விளக்கும் பிட்டும் மாறினால் சென்சார் நல்லது. சக்கே முழுசாகப் போகவில்லை, ஹைட்ராலிக் பிரஷரைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

எமர்ஜென்சிக்கு நிலையான முகவரி உண்டு. 0ஐ வரிசைக் கன்ட்ரோல்களில் அது எக்ஸ்8.4. அது 0 ஆக இருந்தால் எமர்ஜென்சி வரிசையில் எங்கோ திறந்திருக்கிறது. பட்டனைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு பிட்டைப் பார்த்துவிடுங்கள்.

இதே அறிவு தப்பாகவும் பயன்படும். கதவு சென்சார் தொந்தரவு கொடுக்கிறது என்று அதன் முன்னால் காந்தத்தை ஒட்டிவிடுவது, இரண்டு ஒயரை முறுக்கிவிடுவது எல்லாம் நடக்கிறது. அலாரம் போய்விடும், உற்பத்தி ஓடும். ஆனால் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும் சக்குக்கும் பதினெட்டு வயதுப் பையனின் கைக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு பிட்தான். சோதனைக்காக ஒரு நிமிடம் இணைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே விட்டு ஷிஃப்டை ஓட்டுவது வேறு.

ஒரு நாற்பது பக்க நோட்டு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. ஜி-கோடு எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். ஆனால் சிவப்பு எழுத்தில் அலாரம் வந்ததும் ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து மிரண்டு, "சர்வீஸைக் கூப்பிடுங்க சார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மெஷினை ஓட்டச் சொல்லித் தந்தோம், அது பேசுவதைக் கேட்கச் சொல்லித் தரவில்லை.

ஆரம்பிக்கப் பெரிய செலவு வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, கயிறு கட்டின பேனா. ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரு வரி, தமிழிலேயே எழுதலாம்:

- தேதி, நேரம், அன்றைக்கு மழையா வெயிலா
- எழுத்தும் எண்ணும், எந்த ஆக்சிஸ்
- அப்போது மெஷின் என்ன செய்துகொண்டிருந்தது
- மூன்று ஃபேஸ் வோல்ட்
- என்ன பார்த்தோம், எதில் சரியானது

ஆறு மாதத்தில் அந்த நோட்டு எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்றைச் சொல்லும். 433 எப்போதும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருகிறது, 368 கூலன்ட் தொட்டி நிரப்பின மறுநாள் வருகிறது என்பது மாதிரி. அப்புறம் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டாலும் "மெஷின் நின்னுபோச்சு சார்" என்று சொல்ல வேண்டியிருக்காது. இன்ன அலாரம், இன்ன நேரம், இதையெல்லாம் பார்த்துவிட்டோம், இந்த இரண்டு பொருளைக் கையோடு கொண்டுவாங்க என்று சொல்லலாம். அவர் ஒரே நடையில் வேலையை முடித்துவிட்டுப் போவார்.